பேர் வெட்டுப்பட்ட பெரியவர்களும் பிரதேச சபை உறுப்பினரும்

(முதியோர் தினத்தையொட்டி மேற்பிரிவு பிள்ளை மடுவத்தில் நடைபெற்ற கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



பாதிப் பேர் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறீங்க. கூடையெல்லாம் வெளியில் நனையுது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் சொல்ல வேண்டிய விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரதேச சபை உறுப்பினருக்கும் நமது சுகாதாரத்துக்கும், வயசானவங்களைப் பராமரிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். நம் தோட்டத்தில் மெம்பர் என்றால், ஓட்டு நேரத்தில் வருவார், திருவிழாவுக்கு ஒலிபெருக்கி எடுத்துக் கொடுப்பார், கூரை பறந்தால் தகரம் அனுப்புவார். அவ்வளவுதான் நமக்குத் தெரியும். நானும் இருபது வருஷத்துக்கு மேலாக நலன்புரி வேலை பார்க்கிறேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதற்கு மேல் அதிகம் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் போனதால் ஒரு ஆளுக்கு நடந்த கெடுதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பணிய லயத்தில் ஒரு பாட்டி. பேர் சொல்லத் தேவையில்லை, நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். 78 வயது. முப்பத்தெட்டு வருஷம் இந்த மலையில் கொழுந்து பறித்தவர். சேமலாப நிதிக் காசு மகனின் கலியாணத்துக்கும் குசினிக் கூரைக்கும் போய்விட்டது. மூத்த மகன் கொழும்பில் கடையில் வேலை, மகள் வெளிநாட்டில், சின்ன மகனும் மருமகளும் இங்கே மலையில். மருமகள் பிரட்டுக்குப் போன பிறகு பேரப்பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது பாட்டிதான்.

2025 தை மாசம். பனி கொட்டுகிற நேரம். விடிய நாலு மணிக்குக் கக்கூசுக்குப் போகும்போது லயத்துக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சறுக்குப் பாதையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அம்புலன்சுக்கு 1990 எடுத்தோம். அவர்களும் வந்தார்கள். ஆனால் கரத்தை ரோட்டு வரைக்கும்தான் வாகனம் வரும். அதற்கு மேலே நம்ம பிள்ளைகள் நாலு பேர் கம்பளியை இரண்டு கம்பில் கட்டி, அதில் பாட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு படியிலும் அந்த மனுஷி கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்குப் படுத்தவர், இன்றைக்கும் படுக்கையில்தான் இருக்கிறார்.

அந்தப் பாதையைப் பற்றி யாரும் முறையிடவில்லையா? முறையிட்டார்கள். 2023ஆம் ஆண்டு நடுப்பகுதியில் பக்கத்துக் காம்பராக்காரர் என்னிடம் வந்து, "ஐயா, இந்தப் பாதையில படி வெட்டி ஒரு பைப்பாவது கட்டித் தரச் சொல்லுங்க, கெழடு கெட்டைங்க விழுந்துருவாங்க" என்று சொன்னார். நான் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நிதி இல்லை என்று பதில் வந்தது. கடிதத்தையும் பதிலையும் பைலில் போட்டேன். என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் பிரதேச சபைகளில் உறுப்பினர்களே இல்லை. 2018இல் தெரிவானவர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாசம் நடக்க இருந்த தேர்தல் தள்ளிப் போனது. பிறகு 2025 மே 6ஆந் திகதிதான் தேர்தல் நடந்தது. இரண்டு வருஷத்துக்கு மேல் நமக்காகக் கேட்க ஒரு ஆள் இல்லை. ஆனால் அதை நான் சாக்காகச் சொல்ல மாட்டேன். உறுப்பினர் இல்லாவிட்டாலும் சபையின் செயலாளர் இருந்தார், காரியாலயம் திறந்திருந்தது. அங்கே ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்துக் காரியம் என்றால் துரையிடம்தான் கேட்க வேண்டும் என்ற பழக்கம் நம் ரத்தத்தில் ஊறிப்போன ஒன்று.

அந்தப் பழக்கம் ஏன் வந்தது என்று நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1912இல், தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று சட்டம் போட்டார்கள். வீடு, தண்ணீர், டிஸ்பென்சரி, பிள்ளை மடுவம், சவக்காலை எல்லாமே தோட்டம். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனதால் ஓட்டும் போய்விட்டது. இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களில் சிலர் நாற்பது வயசுக்குப் பிறகுதான் முதல் ஓட்டுப் போட்டவர்கள். 1970களில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. பிரதேச சபைச் சட்டம் 1987இல் வந்தும், தோட்டம் தனியார் இடம், அதற்குள் சபைக் காசைச் செலவழிக்க முடியாது என்று சொல்லிச் சொல்லியே நம்மை ஒதுக்கி வைத்திருந்தார்கள். சபைக்கு ஓட்டுப் போடலாம், ஆனால் சபையின் ஒரு மூட்டை சிமெந்து லயத்துக்கு வராது. இப்படி ஒரு நியாயம் வேறு எங்காவது உண்டா என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

இந்த நிலைமை 2018இல் மாறியது. சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, லயங்களில் இருக்கிறவர்களுக்குப் பாதை, கிணறு, மற்றப் பொது வசதிகளைச் சபை செய்து கொடுக்கலாம். அதே வருஷத்துத் தேர்தலோடு அம்பகமுவ சபை அம்பகமுவ, மஸ்கெலியா, நோர்வூட் என்றும், நுவரெலியா சபை நுவரெலியா, அக்கரபத்தனை, கொட்டகலை என்றும் பிரிந்தன. முன்பு லட்சக்கணக்கான சனத்துக்கு ஒரு சபை. இப்போது கொஞ்சம் கிட்ட வந்திருக்கிறது. ஆக 2023இல் நான் கடிதம் எழுதிய நேரத்தில் சட்டம் ஏற்கெனவே மாறியிருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

இனி நம் உறுப்பினரின் விஷயம். அவர் இங்கேயே இருக்கிறார், முகத்துக்கு நேரே சொல்வதில் தப்பில்லை. 2025 ஆடி மாசம் முதல் தடவையாக நம் தோட்டத்துக்கு வந்தபோது மாலை போட ஆயத்தமாக இருந்தோம். அவர் மாலையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஐயா, இந்தத் தோட்டத்தில எத்தனை பேர் எழும்ப முடியாமப் படுக்கையில இருக்காங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கர்ப்பிணித் தாய்மார் எத்தனை பேர், ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை பேர், யாருக்கு எப்போது தடுப்பூசி என்று கேட்டிருந்தால் கொப்பியைப் பார்க்காமலே சொல்லியிருப்பேன். செக்ரோலில் எத்தனை பேர் என்பதையும் சொல்லியிருப்பேன். ஆனால் பேர் வெட்டுப்பட்டு வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு என்னிடம் ஒரு கொப்பியும் இல்லை. வேலை செய்கிற வரைக்கும் தோட்டத்துக்கு வேண்டும். பேர் வெட்டிய மறுநாள் அந்த ஆள் தோட்டத்துக் கணக்கிலும் இல்லை, கிராமத்துக் கணக்கிலும் இல்லை. மருத்துவமாது வருவது தாய்க்கும் பிள்ளைக்கும். நடுவில் விழுந்த ஆளைப் போய்ப் பார்ப்பது யாருடைய வேலை? யாரையும் கை காட்ட முடியாது.

ஆனால் வாக்காளர் இடாப்பில் அந்தப் பெரியவரின் பேர் இருக்கிறது. அதனால் அவர் வட்டார உறுப்பினருடைய ஆள். இதை நாம் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வாரமே மாதர் சங்கப் பெண்கள் இரண்டு பேரும் நானும் லயம் லயமாகப் போய் எழுதினோம். படுக்கையில் ஆறு பேர். அதில் ஒரு தாத்தாவைப் பார்க்க நான் கடைசியாகப் போனது எப்போது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. கண்ணில் புரை விழுந்து தட்டித் தடவி நடக்கிறவர்கள் பலர். பிரஷர் மருந்து கிளினிக்கில் எழுதிக் கொடுத்தும், பஸ் காசு இல்லாமல் பாதியில் நிறுத்தியவர்கள் அதிலும் அதிகம். முதியோர் அடையாள அட்டை இல்லாதவர்களை எண்ணுவதைவிட, இருக்கிறவர்களை எண்ணுவது சுலபமாக இருந்தது.

இந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு உறுப்பினர் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது? இங்கேதான் நமக்கு நிறையக் குழப்பம். ஆஸ்பத்திரி பிரதேச சபையுடையது அல்ல. டிக்கோயா ஆதார வைத்தியசாலை இந்திய உதவியோடு 150 கட்டில்களுடன் கட்டி 2017 மே மாதம் திறந்தது, உங்களுக்குத் தெரியும். அங்கே டொக்டரை நியமிப்பதோ மருந்து அனுப்புவதோ மெம்பரின் கையில் இல்லை. அது சுகாதாரத் திணைக்களத்தின் வேலை. முதியோர் கொடுப்பனவும் அவர் கையில் இல்லை. 70 வயசுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்தவர்களுக்கான அந்தக் காசு 2025இல் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக்கப்பட்டது. அதற்கு மனுப் போடுவது கிராம சேவகர் மூலமாகப் பிரதேச செயலகத்துக்கு. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. பேர் ஒரே மாதிரி இருப்பதால் நம்ம ஆட்கள் இங்கே போக வேண்டிய கடிதத்தோடு அங்கே போய் நின்று, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறார்கள்.

சபையின் கையில் இருப்பது எது? பொதுச் சுகாதாரம், பொதுப் பாதைகள், குடியிருப்போரின் நலன். இதுதான் சபையின் பொறுப்பு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பாதை, படி, கானு, குப்பை, பீலித் தண்ணீர் இதெல்லாம் அதில் வரும். பாட்டி விழுந்த பாதை அதில் வரும். கானு அடைத்துக் கக்கூசுத் தண்ணீர் பீலியில் கலந்தால் முதலில் வயிற்றோட்டம் வருவது பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும். அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். அவர் சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ் வேலை செய்கிறவர். அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று சபையில் எழுந்து கேட்பது உறுப்பினரின் கடமை.

மேற்பார்வை என்பது இந்தக் கேள்வி கேட்கிற வேலைதான் என்பது என் அபிப்பிராயம். தன் கையில் காசும் அதிகாரமும் இருக்கிற இடத்தில் செய்ய வேண்டும். இல்லாத இடத்தில், இருக்கிறவரிடம் போய்த் திகதி போட்டுக் கேட்க வேண்டும்.

பாட்டி விழுந்த பாதைக்கு என்ன நடந்தது? உறுப்பினர் சபையில் பிரேரணை கொடுத்தார். நிர்வாகத்தின் சம்மதக் கடிதம் வர இரண்டு மாசம் போனது. மூன்று தடவை நான் பங்களாவுக்கு நடந்தேன். பிறகு சபை சிமெந்தும் மணலும் பைப்பும் கொடுத்தது, நம்ம பையன்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் செய்தார்கள். பதினாறு படி, ஒரு பக்கம் கைபிடி. அவ்வளவுதான் வேலை. அந்தப் பதினாறு படி முன்பே இருந்திருந்தால் அந்த மனுஷி இன்றைக்கு இங்கே முன்வரிசையில் இருந்திருப்பார். நடு லயத்துப் பாதையும் கோயில் பாதையும் இன்னும் அப்படியேதான் கிடக்கின்றன.

உறுப்பினர் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். போன மாசம் ஊன்றுகோல் கொடுக்கிற வைபவம் என்று வைத்து, வயசானவங்களை இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். ஒழுங்கு செய்தது அவருடைய ஆட்கள், அவர் அல்ல என்று கேள்விப்பட்டேன். இருந்தாலும் கோலை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். நடக்க முடியாதவருக்குத்தானே கோல்!

நம் பக்கத்திலும் குறை உண்டு. "அவ நம்ம சங்கமில்ல, அவகிட்ட எப்படிப் போய்க் கேக்கிறது" என்று இரண்டு வீட்டில் பாட்டிமாரின் பேரைக் கூட எழுதத் தரவில்லை. ஓட்டு யாருக்குப் போட்டீர்கள் என்பது உங்கள் ரகசியம். வட்டாரத்தில் இருக்கிற எல்லாருக்கும் அவர்தான் உறுப்பினர். இடுப்பு முறிகிறபோது எலும்பு சங்கம் பார்க்கிறதா?

அடுத்தது, பிறப்புச் சான்றிதழ். பெரிய தலைவலி இதுதான். அந்தக் காலத்தில் லயத்தில் பிறந்தவர்கள் பலருக்குப் பதிவே இல்லை. சிலருக்குச் செக்ரோலில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், வீட்டில் கூப்பிடுவது மூன்றாவது பேர். கொடுப்பனவுக்கு மனுப் போட்டால் அங்கேயே நின்றுவிடும். பதிவு இல்லாதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். அதற்குப் பழைய ஆவணங்கள் தேவை. பாடசாலை இடாப்பு, தோட்டப் பதிவு, பழைய பிரஜாவுரிமைக் கடிதம், எதுவாக இருந்தாலும் டிரங்குப் பெட்டியில் தேடுங்கள். கரையான் தின்ற பாதிக் கடிதமாக இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். பிரதேச சபைக்கும் செயலகத்துக்கும் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்க நமக்கு உரிமை உண்டு.

60 வயசு ஆனவர்கள் முதியோர் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் வரிசையில் முன்னுரிமை கேட்க அது உதவும். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத தாய் தகப்பனை வசதியுள்ள பிள்ளைகள் கைவிட்டால், பராமரிப்புச் சபைக்கு முறையிட்டுச் செலவுக்குக் காசு கேட்கலாம். இதைச் சொன்னதும் கொழும்பில் இருக்கிற மகன்மாரை நினைத்து இரண்டு மூன்று பேர் தலை குனிவது எனக்குத் தெரிகிறது. வழக்குப் போடச் சொல்லி நான் சொல்லவில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதை மகனுக்குப் போனில் சொல்லிப் பாருங்கள், அதுவே சில வேளை போதும்.

படுக்கையில் ஆள் இருக்கிற வீட்டுக்காரருக்கு ஒரு விஷயம். பாட்டிக்கு முதல் மாசமே முதுகில் புண் வந்துவிட்டது. மருமகள் பார்க்காமல் இல்லை, எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னதை அப்படியே சொல்கிறேன். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆளைப் புரட்டி வேறு பக்கம் படுக்க வையுங்கள். துணி ஈரமாக இருக்கக் கூடாது, மடிப்பு விழாமல் இழுத்து விரியுங்கள். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் காலுக்குக் கீழே தலையணை வையுங்கள். சிவந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. முட்டை, பருப்பு, நெத்தலி, எது முடியுமோ கொடுங்கள். புண் நாற்றம் எடுத்தால், காய்ச்சல் வந்தால், பச்சிலை கட்டிக்கொண்டு இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மருமகள் மலைக்குப் போகிற நேரத்தில் யார் புரட்டுவது? அதுதான் எனக்கும் விடை தெரியாத கேள்வி. இப்போது பக்கத்துக் காம்பரா அக்காமார் இரண்டு பேர் முறை வைத்துப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு யாரும் ஒரு சதம் கொடுப்பதில்லை. பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது போல, பெரியவர்களைப் பார்க்கவும் ஒரு ஆள் வைத்தால் என்ன என்று நமது நிதியத்திடமும் கேட்டிருக்கிறேன், உறுப்பினரிடமும் கேட்டிருக்கிறேன். சபையின் அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டம் வருஷ முடிவுக்குள் தயாராகும். அதற்குள் எழுத்தில் கொடுத்தால்தான் பேச்சுக்கு எடுப்பார்கள். சபை தன் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்வாசிகளையும் சேர்த்துக்கொள்ள சட்டத்தில் இடம் உண்டு. வீடமைப்பு, சமூக அபிவிருத்திக் குழுவில் நம் தோட்டத்திலிருந்து ஒருவரைப் போடும்படி கேட்டு மாதர் சங்கம் கடிதம் எழுதியிருக்கிறது. யாரைப் போடுவது என்று சண்டை பிடிக்காதீர்கள். படுக்கையில் ஆள் வைத்துப் பார்க்கிற ஒரு பெண்ணாக இருந்தால் நல்லது என்பது என் கருத்து.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இதே மடுவத்தில் மேசை போட்டு உட்காருவோம். மாதர் சங்கப் பெண்களும் நானும் படிவங்களை நிரப்பித் தருவோம். கிராம சேவகரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அடையாள அட்டை, கிளினிக் கொப்பி, கிடைத்த பழைய கடிதம் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள். வர முடியாதவர்களின் பேரைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுங்கள், நாங்கள் வீட்டுக்கு வருகிறோம். நடு லயத்துப் பாதைக்கான மனுவிலும் அன்றைக்கே கையெழுத்து வைக்கலாம். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு மை வைத்திருக்கிறேன்.